பாத்தியைத் தோண்டிய பட்டாளத்தான்

எங்கள் ஊரில் என்னைப் ‘பாத்திப் பட்டாளம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள் நான் சைக்கிளில் கடந்து போகும்வரை பொறுத்திருந்து சொல்கிறார்கள். பொறுக்கத் தேவையில்லை. நான் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. வேறு பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். மூன்றாம் வருடமும் இருக்க நான் தயார். பள்ளிக்கூடம்தான் தயாராக இல்லை.

அப்படிப்பட்ட ஒருவன் பழங்காலத்தைப் பற்றிக் கதைத்தால் உடுப்பிட்டிச் சந்தியில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரிக்கட்டும். ஆனால் எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கிற மேடு இன்றைக்கும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதை அள்ளிக்கொண்டு போக வந்த டிப்பர் லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. சிரிக்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்க வேண்டும்.

சண்டைக் காலத்தில் ஓடியவன் நான். ஓடி ஓடிப் பாரிசில் போய் விழுந்தேன். விசா இல்லை, மொழி இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவினேன். வெளிநாட்டுக்காரர்களைச் சேர்க்கிற ஒரு படை அங்கே இருக்கிறது, அதில் கிடந்து தேறினால் கடைசியில் கடவுச்சீட்டுத் தருவார்கள் என்று கூடக் கழுவிய ஒருவன் சொன்னான். போனேன். என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைப் பரீட்சையாக வைத்த இடம் அதுதான். முதலாவதாக வந்தேன் என்று எழுத ஆசை. நடுவில் வந்தேன்.

என்னைக் கண்ணிவெடி தேடுகிற பிரிவில் போட்டார்கள். நிலத்தில் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்தி, விரலாலும் தூரிகையாலும் மண்ணை விலக்குகிற வேலை. அவசரக்காரனுக்கு அந்த வேலை ஒரு நாளைக்குத்தான். சோம்பேறிக்குப் பல வருடம். நான் ஓய்வூதியம் வரை செய்தேன்.

ஆபிரிக்காவில் ஒரு பாலைவனத்தில் அகழி வெட்டிக்கொண்டிருந்தபோது என் மண்வெட்டி ஒரு பானையின் விளிம்பைக் கீறியது. உடைந்த பானை. தூக்கி எறிந்துவிட்டு மேலே வெட்டப் பார்த்தேன். எங்கள் அதிகாரி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். முழங்காலிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பி, அகழிக்குக் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றித் தள்ளிக் கட்டினார். கயிறு போன பக்கம் முழுக்கப் பாறை. எல்லோரும் அவரைத் திட்டினோம். அவருக்கு விளங்காத மொழியில் திட்டுகிற வசதி இருந்ததால் அதிகம் திட்டியது நான்.

பின்னேரம் கோப்பித் தகரத்தோடு போய்ப் பார்த்தேன். விளிம்பில் ஒரு தடம். களி ஈரமாக இருந்தபோது யாரோ பெருவிரலால் அழுத்தியது. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, என்னுடையது பெரிது. சின்னக் கை, கொஞ்சம் அவசரமான கை. அடுப்பில் உலை கொதித்திருக்கும், பிள்ளை அழுதிருக்கும், யாருக்குத் தெரியும்? துவக்கோடு நின்ற ஒரு பட்டாளம் அந்தக் கைக்கு வழிவிட்டு விலகிப் போனதை என் கண்ணால் கண்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் படித்தது எல்லாம் கைத்தொலைபேசியில்.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் இப்போது இல்லை. பிள்ளைகள் கனடாவில். அக்கா வெங்காயம் நடுகிறாள், என்னை ஏசுகிறாள். இரண்டும் நல்ல விளைச்சல்.

ஊர் என்னை மாலை போட்டு வரவேற்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

“எங்கடை சண்டைக்கை நிக்காமல் வெள்ளைக்காரன்ரை சண்டைக்குப் போனவன்தானே நீ.”

“ஓம் அண்ணை,” என்றேன். “பயத்திலைதான் ஓடினனான். ஓடிப்போய் மூச்சு வாங்க நிண்ட இடத்திலை துவக்கைத் தந்திட்டாங்கள். திருப்பிக் குடுக்க வெக்கமாக் கிடந்தது.”

கடை சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தாலும் அவர் சொன்னதை அவர் திரும்ப எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே நான் அகதி, இங்கே நான் அந்நியப் பட்டாளம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு நிலத்தைப் பார்த்து நடக்கிற பழக்கம் வந்துவிடும்.

அப்படி நடந்தபோதுதான் அந்த மண் குவியலைக் கண்டேன். அக்காவின் வெங்காயத் தோட்டத்துக்குப் பின்னால் பற்றை பிடித்த காணித் துண்டு ஒன்று இருக்கிறது. பற்றைக்குள் நீள்சதுரமாக ஒரு குவியல். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். தலைமாடு, கால்மாடு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. புதைகுழி! எந்தக் காலத்து ராசாவோ எங்கள் வெங்காயத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறார்!

நாலு மூலைக்கும் தடி நட்டுச் சிவப்பு நூல் கட்டினேன். குப்புறப் படுத்தேன். கம்பியைச் சாய்வாக விட்டேன். எங்கள் ஊரில் ஒருவன் சிவப்பு நூலுக்குள் குப்புறப் படுத்து நிலத்தில் கம்பி குத்தினால் சனம் என்ன செய்யும்? முதலில் ஓடியது. கன நேரமாகியும் நான் வெடிக்கவில்லை என்று கண்டதும் திரும்பி வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

“என்னத்தையாம் தேடுறான்?”

“இடம்பெயரேக்கை தாட்ட நகையாக்கும்.”

“உவையளிட்டை எங்காலை நகை? வெங்காயத் தாள்தான் கிடந்தது.”

கம்பி தட்டியது. கல் இல்லை, இரும்பும் இல்லை. தூரிகையால் மண்ணை விலக்கினேன். உருண்டையாக, பழுப்பாக, மயிர் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு ஒன்று வந்தது. அளவு சின்னது. அந்தக் காலத்து ஆட்கள் கட்டையாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, “மண்டையோடு!” என்று கத்தினேன்.

அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் கத்தக் கூடாது. வேலிக்கு மேலால் சிரித்துக்கொண்டிருந்த சனம் ஒரேயடியாக வாயை மூடியது. ஒரு பெண் வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மண்ணில் அது ராசாக்களின் சொல் இல்லை, காணாமல் போனவர்களின் சொல். நான் அதைப் பிறகுதான் யோசித்தேன். என் கை யோசிக்காமல் அடுத்ததை விலக்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும் ஒன்று. வரிசையாக, நெருக்கமாக.

ஓலைக் கடகத்தோடு அக்கா ஓடி வந்தாள். சிவப்பு நூலைக் காலால் அறுத்தாள். குனிந்து பார்த்தாள்.

“டேய் விசரா! உது என்ரை பாத்தியடா!”

பனம்பாத்தி. மண்ணைக் குவித்துப் பனங்கொட்டைகளை மேலே நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடி வைத்தால் மாரி மழைக்கு முளைத்துக் கிழங்கு கீழே இறங்கும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த விசயம். மழை ஏமாற்றிய ஒரு வருடம் அக்கா போட்டு, முளைக்காமல் போக, அப்படியே கைவிட்ட பாத்தி அது. நான் கண்டுபிடித்த ராச பரம்பரை முழுவதும் பனங்கொட்டை.

வேலிக்கு அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு வல்வெட்டித்துறைக் கடற்கரை வரை கேட்டிருக்கும். பயந்துபோன சனம் சிரிக்கிற சிரிப்புக்கு எப்போதும் சத்தம் அதிகம்.

“பட்டாளத்தார், கவனம்! கிழங்கு வெடிச்சாலும் வெடிக்கும்!”

“ராசாவைப் புழுக்கியே தின்னுறது, காயவிட்டே தின்னுறது?”

எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு அவர்களுக்குச் சல்யூட் அடித்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் நான் நிறுத்தவில்லை. தோண்டுவதை மட்டும்தான் நிறுத்தினேன். அனுமதி இல்லாமல் தோண்டாதே என்று சட்டமும் சொல்கிறது. என் வாழ்க்கையில் சட்டமும் வெட்கமும் ஒரே பக்கத்தில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நிலம் தானாகத் துப்புவதைப் பொறுக்குகிறேன். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த காலையில் உழுத தோட்டங்களில் நடந்தால் கழுவித் துடைத்த மாதிரிப் பானை ஓடுகள் கிடக்கும். உள்ளே கறுப்பு வெளியே சிவப்பாக ஓடு. நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு. பச்சை பிடித்த செப்புக் காசு. அத்தானின் சேட்டும் வேட்டியும் இருந்த அலுமாரியில் இப்போது இவைதான் இருக்கின்றன. யாழ்ப்பாணக் கம்பசில் தொல்லியல் பாடம் படிப்பிக்கிற ஒரு அம்மாவிடம் படம் அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை அவ நேரிலேயே வந்தா. அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தா.

“இது இரண்டாயிரம் வருசம் இருக்கும் அண்ணை. இதுவும் அப்பிடித்தான். இது…” ஒரு ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “இது போன வருசத்துக் கஞ்சிச் சட்டி.”

“அதுதானே பாத்தன்!” என்றாள் அக்கா. “என்ரை சட்டியைக் காணேல்லை எண்டு கோழியைத் திட்டினனான்.”

பிறகு அவவை அந்த மேட்டுக்குக் கூட்டிப் போனேன். பழைய பாத்திக்கு அப்பால், காணியின் தொங்கலில், கடைசி எல்லையோடு, மணலும் சாம்பலும் கலந்த மேடு ஒன்று. உயரம் என் இடுப்பளவு. எந்தப் பயிரும் சரிவராத இடம். அதன் சரிவில் மழைக்குப் பிறகு அறுத்த சங்குத் துண்டுகள் வெளியே வரும். வாள் போன கோடு அவற்றில் அப்படியே இருக்கும். அவ மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தா. ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை.

“இதிலை குந்தியிருந்து சங்கு அறுத்து வளையல் செய்திருக்கினம் அண்ணை. கீழை அவை இருந்த நிலம் குழம்பாமல் இருக்கும் போலை. நீங்கள் தோண்டாமல் விட்டது பெரிய காரியம்.”

“வெக்கத்திலை விட்டது மிஸ்.”

“எதிலை விட்டாலும் சரி. காக்க ஆள் இல்லாமல் திறக்கக் கூடாது. மூடிக் கிடக்கும் மட்டும்தான் அதுக்குப் பாதுகாப்பு.”

அன்றைக்கு அந்த மேட்டில் இருந்து அக்காவின் தோட்டத்தைப் பார்த்தேன். சங்கு அறுத்தவன் கையை உதறிவிட்டு இதே பக்கம்தான் பார்த்திருப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள், ஏசியிருப்பாள்.

போன வருடம் ஆவணியில் என் தலையில் இடி விழுந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் கலியாண மண்டபம் கட்டத் தொடங்கினார்கள். அத்திவாரத்துக்குள் நிரப்ப மண் வேண்டும். கோயில் சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அக்கா எழும்பி, “என்ரை காணி மேட்டை அள்ளிக்கொண்டு போங்கோ” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் கேட்டபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த மேடு ஆயிரக்கணக்கான வருசம்…”

“மற்றவை தூண் குடுக்கினம், கதவு குடுக்கினம். என்ரை பேரிலை அந்தக் கோயிலுக்கு ஒண்டும் இல்லை. என்னட்டை இருக்கிறது மண். அதைக் குடுக்கிறன். உனக்கென்ன?”

“அப்பிடியெண்டால் தொல்லியல் கந்தோர் ஆக்களுக்கு அறிவிப்பம். அவை வந்து பாதுகாக்கட்டும்.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “அறிவி! நாளைக்குப் போர்டு நடுவாங்கள். நாளையிண்டைக்குக் கம்பிவேலி. பிறகு என்ரை காணிக்கை போக நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

அவள் சும்மா சொல்லவில்லை. போர்டு நட்ட பிறகு சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல் போனவர்களின் கதையைக் கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. வெளியே சொன்னால் மேடு அக்காவிடம் இருக்காது. சொல்லாவிட்டால் மேடே இருக்காது. பட்டாளத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. அச்சில் போட முடியாத சொல்.

கோயில் சபைத் தலைவர் என்னோடு எட்டாம் வகுப்பில் இருந்தவர். ஒரே தடவையில் தாண்டிப் போய்விட்டார் என்பது மட்டும்தான் வித்தியாசம். கெட்ட மனிதர் இல்லை. பட்டணத்து மண்டபங்களுக்கு வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஊரில் ஒரு இடம் வேண்டும் என்று அலைந்து திரிகிறவர். கோயில் வீதியில் அவரை மறித்து, பாலைவனத்தில் ஒரு பானைக்காக அகழி விலகிய கதையைச் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள்.

“நல்ல கதை மச்சான்,” என்றார். “ஆனால் அது பாலைவனம். அங்கை ஆர் கலியாணம் கட்டப் போகினம்?”

“ஒரு பட்டாளம் விலகேலுமெண்டால் ஒரு மண்டபம் விலகேலாதோ?”

“மண்டபம் விலகத் தேவையில்லை. மேடுதான் எங்களிட்டை வருது.”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ பின்னால் இருந்து, “மேட்டுக்குள்ளை எத்தினை பனங்கொட்டையாம்?” என்றார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் பெரிது.

நான் சிரிக்காமல் வீட்டுக்கு வந்தேன். சிரிக்காமல் நான் ஊருக்குள் நடந்தது அபூர்வம் என்பதால் நாய்கள்கூட வழிவிட்டன. வந்து கிணற்றடியில் இருந்தேன். எதிரே குசினிச் சுவரோடு அக்கா சேர்த்து வைத்த பனங்கொட்டைக் குவியல். ஆடி ஆவணியில் விழுந்த பழங்களின் கொட்டை. அவள் ஒவ்வொரு வருடமும் பாத்தி போட்டு, கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கிக் கனடாவுக்கு அனுப்புகிறவள். அது போகாவிட்டால் பிள்ளைகளோடு கதைக்கிறபோது அவள் குரல் சரியாக இருக்காது.

குவியலைப் பார்த்தேன். மேட்டைப் பார்த்தேன். மேட்டுக்குள் எத்தனை பனங்கொட்டை என்றுதானே கேட்டார்கள்?

புதைகுழி என்று நினைத்துப் பாத்தியைத் தோண்டியவன் நான். இனி அவர்கள் பாத்தி என்று நினைத்து அந்த மேட்டைத் தொடாமல் விடட்டும்!

புரட்டாதி முடிகிற நேரம் அக்கா உடுவிலில் ஒரு சொந்தக்காரப் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போனாள். படலை சாத்திய சத்தம் கேட்டதும் தொடங்கினேன். தோட்டத்து வரம்பில் இருந்து பொலபொலத்த மண்ணைக் கடகம் கடகமாகச் சுமந்து மேட்டின் மேல் கொட்டினேன். மேட்டின் சொந்த மண்ணில் மண்வெட்டி படவில்லை. சரிவு முழுவதையும் மூடினேன். கிழங்கு எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அளந்து, அதற்கு மேல் இன்னும் ஒரு முழம் குவித்தேன். அது போட்ட மண்ணுக்குள்ளேயே நிற்கும். கீழே சங்கு அறுத்தவனின் நிலத்தை எட்டாது. உலகத்தில் முறையாகப் படித்த ஒரு ஆய்வாளரும் இப்படிச் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தை மறிக்க அரசாங்கக் கடிதம் இருக்கும். என்னிடம் பனங்கொட்டை இருந்தது. அக்காவின் கொட்டை முழுவதையும் அடுக்கினேன். ஒன்றைக்கூட மிச்சம் விடவில்லை. கடைசியில் என் முதுகு மேட்டை விட வளைந்து நின்றது.

அக்கா திரும்பி வந்து முதலில் குசினிச் சுவரைப் பார்த்தாள்.

“கொட்டையெல்லாம் எங்கையடா?”

“பாத்தி போட்டிட்டன் அக்கா. ஒவ்வொரு வருசமும் நீங்கள் தனியக் கிடந்து முறியிறியள் எண்டு…”

அவள் என்னை நம்பவில்லை. நான் ஒரு உதவி செய்தால் அதற்குப் பின்னால் ஒரு குழப்படி இருக்கும் என்று அவளுக்கு என்னைப் பெற்றவர்களுக்கு முன்னமே தெரியும். நேரே பின்னுக்கு நடந்தாள். மேட்டைக் கண்டாள்.

“கோயிலுக்குக் குடுத்த வாக்கடா. ஊர் முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?”

“எனக்குத் தெரியும். கிண்டி எறியுங்கோ. கொட்டை உங்கடை, காணி உங்கடை.”

அவள் குனிந்து ஒரு ஓரத்து மண்ணை விலக்கினாள். கொட்டைகள் கண் மேலே பார்க்க ஒழுங்காக இருந்தன. ஒன்று சரிந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துத் திரும்ப மூடினாள். பிறகு என்னைப் பார்த்து, “கண்டறியாத பட்டாளம்!” என்றாள். அன்றைக்குச் சோறு தந்தாள், குழம்பு தரவில்லை.

இரண்டு மழை பெய்த பிறகு பெக்கோ வந்தது. பின்னால் டிப்பர். அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் தலைவர். நான் மேட்டுக்கு முன்னால் கதிரை போட்டுக் குடையோடு இருந்தேன். பட்டாளத்தில் காவல் நின்றால் கதிரை தரமாட்டார்கள். இது என் சொந்தப் பட்டாளம்.

பெக்கோ ஓட்டி வந்தவர் யாழ்ப்பாண டவுன் முஸ்லிம் குடும்பத்தவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, மண்ணைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இது பாத்தியெல்லோ?” என்றார்.

“ஓம், பாத்திதான்,” என்றேன்.

“முளைவிட்ட பாத்திக்கை நான் வாளியைப் போடமாட்டன். திரும்பி வந்த கையோடை எங்கடை உம்மா முதல் முதல் கேட்டது ஒடியல் கூழ். நான் பாத்தி உடைச்சனான் எண்டு கேள்விப்பட்டால் வீட்டுக்கை விடமாட்டா.”

தலைவருக்கு முகம் சிவந்தது. “உது பாத்தியில்லை, உவன்ரை கூத்து! அக்கா, நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை வாக்குத் தந்தனீங்கள். சொல்லுங்கோ!”

அக்கா தோட்டத்தில் இருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் குடையை மடக்கினேன். அவள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கதிரையைத் தூக்கிக்கொண்டு நான் போகத்தான் வேண்டும். காணி அவளுடையது. நான் அவளுடைய மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் படுக்கிறவன்.

“மண் தாறன் எண்டு சொன்னனான் தம்பி,” என்றாள் தலைவரிடம். “பாத்தி தாறன் எண்டு சொல்லேல்லை.”

“கிழங்கு கிண்டினாப் பிறகு?”

“கிண்டினாப் பிறகு கிண்டினாப் பிறகு. இப்ப என்ரை பிள்ளையளின்ரை ஒடியல் உதுக்கை கிடக்குது. ஆரும் கால் வைச்சியளோ, நான் இந்தக் கோயிலுக்குத் தேர் இழுக்க வரமாட்டன்.”

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். கைதட்டலாமா என்று யோசித்தேன். அவள் பார்த்த பார்வையில் திரும்ப இருந்தேன்.

“அப்ப அத்திவாரத்துக்கு நான் என்னத்தைப் போடுறது? உங்கடை தம்பியையே?” என்று கேட்டார் தலைவர்.

அப்போதுதான் என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. “உன்ரை வளவிலை இடிஞ்ச வீடு கிடக்குதெல்லோ மச்சான்.”

யாரும் சிரிக்கவில்லை. ஷெல் விழுந்த அந்த வீட்டில்தான் அவர் பிறந்தார். சண்டை முடிந்த பிறகு பக்கத்தில் புது வீடு கட்டினாரே தவிர, பழைய வீட்டின் ஒரு கல்லையும் அவர் தொடவில்லை. சுவர்களுக்குள் வேம்பு முளைத்து மரமாகிவிட்டது. அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். டிப்பர் வெறுமையாகச் சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் போனது. வென்ற மாதிரியே இல்லை எனக்கு.

ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு விடியக் காலை படலையில் வந்து நின்றார்.

“பழைய வீட்டை அத்திவாரத்துக்குக் குடுப்பம். மெசினை விட்டால் ஒரேயடியா வாரிக்கொண்டு போயிடும்,” என்றார். “அதுக்கு முதல் நீ ஒருக்கால் கையாலை பாத்துத் தாறியே?”

வெடிபொருள் தேடுகிறவர்கள் எப்போதோ பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போன வளவு அது. அவர் கேட்டது அதை அல்ல. நான் கம்பியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு நூல் கட்டவில்லை. வீடு எப்படி இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் விழுந்த ஓடுகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். இது விறாந்தை. இது சாமி அறை. இது குசினி. உருகிய போத்தல், பூட்டுப் போட்ட கதவின் நிலைக்கட்டை, காலில்லாத கட்டில். குசினி மூலையில் ஒரு அம்மிக் குழவி. அம்மியைக் காணவில்லை. குழவியை அவர் இரண்டு கையாலும் தூக்கினார்.

“எனக்கு இது போதும்,” என்றார். “மிச்சத்தைக் கொண்டு போகட்டும்.”

“இதிலை அரைச்ச உன்ரை ஆச்சியின்ரை சம்பல் ஒருக்கால் திண்டனான்,” என்றேன். “உறைப்பு இன்னும் போகேல்லை.”

அவர் சிரித்தாரா இல்லையா என்று பார்க்காமல் நான் தூரிகையைக் கழுவப் போனேன்.

இப்போது மண்டபத்தின் அத்திவாரத்துக்குள் அந்த வீடு கிடக்கிறது. அதற்கு மேல்தான் ஊர்ப் பிள்ளைகள் மாலை மாற்றுகிறார்கள். கன காலம் கழித்து என்னைப் போல ஒரு விசரன் வந்து குப்புறப் படுத்துக் கம்பி விட்டுப் பார்ப்பான். சுவரும் ஓடும் காலில்லாத கட்டிலும் கலந்து கிடப்பதைக் கண்டு, இது என்ன வகைக் கோயில் என்று மண்டையை உடைப்பான். உடைக்கட்டும். நான் உடைக்கவில்லையா?

தை பிறந்ததும் நானும் அக்காவும் பாத்தி கிண்டினோம். அலவாங்குக் கம்பியை நான் தொடக்கூட இல்லை. பொலபொலத்த மண், கையாலேயே வந்தது. கிழங்கு போட்ட மண்ணைத் தாண்டவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அக்காவுக்குத் திருப்தி இல்லை.

“கட்டைக் கிழங்கு. சாம்பல் மேட்டிலை போட்டால் வேறை என்ன விழும்? உன்ரை ராசாக்கள் மாதிரித்தான்.”

கிண்டி முடித்தால் மேடு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவளே பின்னேரம் சொன்னாள், கிழங்கைப் புழுக்கொடியலுக்கு அவித்துக்கொண்டே.

“போட்ட மண்ணை அள்ளாதை. அப்பிடியே கிடக்கட்டும். வாற புரட்டாதிக்கு மேலாலை எருக்குப்பை போட்டுப் பாத்தி போடுவம். கீழை ஒண்டும் கிண்டாதை.”

“அப்ப வாக்கு?”

“மண்டபத்து அத்திவாரம் நிரம்பிட்டுதெல்லே. நான் படியளுக்குக் கல்லு வாங்கிக் குடுக்கிறன்.”

போன மாதம் பாத்தி மண்ணை நான் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து வேலியோரம் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை. எந்த அரசாங்கக் கந்தோர் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேட்டைக் காட்டி, “அது என்ன அம்மா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சங்கு, வளையல், இரண்டாயிரம் வருடம் எல்லாம் நாக்கின் நுனியில் நின்றன. சொல்ல ஆசை. ஒரு நாள் சொல்லத்தான் போகிறேன். போர்டு நட வருகிறவன் அக்காவிடம் கேட்டு, அவள் காட்டின இடத்தில் நட்டுவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு போகிற ஒரு நாள் வரட்டும். அன்றைக்கு நானே குழி வெட்டிக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த வேலைதானே.

அதுவரைக்கும் அக்கா கதைக்கட்டும்.

“பனம்பாத்தி,” என்றாள் அவள், கண் இமைக்காமல். “இந்த வருசக் கிழங்கு சரியில்லை. நில்லுங்கோ, ரெண்டு புழுக்கொடியல் தாறன், திண்டு பாருங்கோ.”